20 வயதைத் தாண்டிய கம்ப்யூட்டர் விளையாட்டு: இன்னும் ஆடலாமா?

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ந் தேதி, ஒரு வாலிபர் அந்த ஊரில் காலமானார்.

பெயர் மாட்ஸ் ஸ்டீன். வயது 25.

உடம்பின் தசைகள் நாளுக்கு நாள் வலுவிழந்து போகும் வியாதி அவருக்கு. "டுசென் தசைச் சிதைவு" என்று டாக்டர்கள் சொல்வார்கள். 4 வயதில் கண்டுபிடித்தார்கள். குணப்படுத்த மருந்து இல்லை.

பள்ளிக்கூடத்து வயதிலேயே சக்கர நாற்காலி வந்துவிட்டது. கடைசி ஆண்டுகளில் விரல்களைத்தான் கொஞ்சம் அசைக்க முடிந்தது.

அந்த விரல்களால் அவர் செய்தது ஒரே காரியம். கம்ப்யூட்டரில் விளையாடினார்!

கடைசி 10 ஆண்டுகளில் அவர் விளையாடிய நேரம் 15 ஆயிரம் மணியிலிருந்து 20 ஆயிரம் மணி வரை இருக்கும் என்கிறார்கள். ஆபீசில் முழு நேர வேலை பார்ப்பவர்கூட அந்தப் 10 ஆண்டில் அவ்வளவு மணி நேரம்தான் உழைத்திருப்பார்.

தகப்பனார் ராபர்ட்டுக்கும் தாயார் துரூடேக்கும் இது பெரிய மனக்கஷ்டம். "நம் பிள்ளைக்குச் சிநேகிதர் இல்லை. காதல் இல்லை. உலகத்தில் ஒருவருக்கும் உபயோகமாக இருந்தோம் என்ற திருப்தியும் இல்லாமல் போகப் போகிறானே!" என்று வருந்தினார்கள்.

மாட்ஸ் இண்டர்நெட்டில் டைரி போல ஒரு பக்கம் எழுதி வந்தார். அதைத் திறக்கும் ரகசியச் சொல்லைத் தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மகன் இறந்த செய்தியை ராபர்ட் அதில் எழுதினார். யாராவது பேச விரும்பினால் எழுதட்டும் என்று தன் இ-மெயில் விலாசத்தையும் போட்டார்.

யார் எழுதப் போகிறார்கள்?

முதலில் ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தது! ஹாலந்திலிருந்து, டென்மார்க்கிலிருந்து, பின்லாந்திலிருந்து, இங்கிலாந்திலிருந்து. பெற்றோர் கேள்விப்பட்டிராத மனிதர்கள். எல்லாரும் தங்கள் உயிர்ச் சிநேகிதனை இழந்தவர்கள் போல அழுது எழுதியிருந்தார்கள்.

சவ அடக்கத்துக்கு அவர்களில் சிலர் நேரிலேயே வந்தார்கள். பயணச் செலவுக்குப் பணம் இல்லாதவருக்கு மற்றவர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள்.

அவர்களில் யாரும் மாட்சை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை!

அது என்ன விளையாட்டு?

அந்த விளையாட்டின் பெயர் "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்". அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், இர்வைன் என்ற ஊரில் உள்ள பிளிசார்டு கம்பெனி தயாரித்தது. 2004-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி வெளிவந்தது.

அப்போது பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் விளையாட்டு நடந்துகொண்டே இருக்கிறது.

நாடகத்தில் வேஷம் போடுவதைப் பார்த்திருக்கிறோம். இதுவும் வேஷம் போடும் விளையாட்டுதான். ஆனால் மேடை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

"அஸெரோத்" என்று ஒரு கற்பனை உலகம். அதில் காடு உண்டு, மலை உண்டு, பனிப் பிரதேசம் உண்டு, பாலைவனம் உண்டு. நகரங்கள் உண்டு. கப்பல் போகிறது. ஆகாயத்தில் ஜெப்லின் பறக்கிறது.

நீங்கள் ஒரு வேஷத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதனாக இருக்கலாம். குள்ளனாக இருக்கலாம். பச்சை நிற முரடனாக இருக்கலாம். மாட்டுத்தலை வீரனாகவும் இருக்கலாம். வாள் பிடிப்பவரா, மந்திரம் போடுபவரா, காயத்தை ஆற்றும் பூசாரியா என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம்.

முதல் படியில் ஆரம்பிக்கிறீர்கள். துஷ்ட மிருகங்களை விரட்டுகிறீர்கள். ஊராருக்கு ஏவல் செய்கிறீர்கள். ஒவ்வொரு படியாக ஏறுகிறீர்கள். பழைய விளையாட்டில் மொத்தம் 60 படி.

சண்டை பிடிக்காதவர் மீன் பிடிக்கலாம். மூலிகை பறிக்கலாம். சமையல் செய்யலாம். ஏலக் கடையில் சாமான் வாங்கி விற்கலாம்.

இதில் ஒரு விசேஷம். எதிரே வருகிற வீரன் கம்ப்யூட்டர் செய்த பொம்மை அல்ல. எங்கோ ஓர் ஊரில், ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் உண்மையான மனிதன்! அவனோடு பேசலாம். சேர்ந்து போகலாம். சங்கம் அமைக்கலாம்.

ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில் நடமாடுகிறார்கள். நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் தூங்குவதில்லை.

2010-ம் ஆண்டில் இதற்குச் சந்தா கட்டியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர்! நார்வே நாட்டு ஜனத்தொகையைப் போல 2 மடங்குக்கும் அதிகம். பிறகு எண்ணிக்கை குறைந்தது. 2015-ம் ஆண்டு கடைசியில் 55 லட்சம் என்று சொன்ன கம்பெனி, அதற்குப் பிறகு கணக்குச் சொல்வதையே நிறுத்திக்கொண்டது.

பரவியது கொள்ளை நோய்!

அந்த உலகம் எவ்வளவு உயிரோட்டமானது என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கற்பனை அல்ல, நடந்தது.

2005-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி. விளையாட்டில் புதிதாக ஒரு பாழடைந்த கோட்டையைத் திறந்தார்கள். அதற்குள் ஹக்கார் என்ற ரத்த தெய்வம். எதிர்த்து வருகிறவர்கள் மீது அது ஒரு நோயை ஏவும். பக்கத்தில் நிற்பவருக்கும் அது தொற்றிக்கொள்ளும். கோட்டையை விட்டு வெளியே வந்தால் நோய் போய்விடும். கம்பெனிக்காரர்கள் போட்ட திட்டம் அதுதான்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள்.

வேடர்கள் கூடவே வளர்ப்பு மிருகம் வரும். மிருகத்துக்கு நோய் தொற்றியது. வேடன் அதைக் கோட்டைக்குள்ளேயே மறைய வைத்தான். பிறகு நகரத்துக் கடைத்தெருவில் நின்றுகொண்டு மறுபடி வரவழைத்தான்.

மிருகத்தோடு நோயும் நகரத்துக்கு வந்துவிட்டது!

அப்புறம் கேட்கவேண்டுமா? கூட்டம் நிறைந்த கடைத்தெரு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது. பலசாலிகள் தாக்குப்பிடித்தார்கள். புதிதாக ஆட வந்தவர்கள் சில விநாடிகளில் செத்து விழுந்தார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடு!

(விளையாட்டில் சாவு நிரந்தரம் அல்ல. ஆவியாக ஓடிப் போய் உடம்பில் புகுந்துகொள்ளலாம். ஆனால் எழுந்தவுடன் மறுபடி நோய் பிடித்தது.)

கடைக்காரப் பொம்மைகளுக்கும் நோய் தொற்றியது. அவை சாகவில்லை. நோய் இருப்பதும் வெளியே தெரியவில்லை. சாமான் வாங்க வந்தவர்களுக்கு எல்லாம் நோயைக் கொடுத்துக்கொண்டே இருந்தன.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? அதுதான் அதிசயம். சிலர் நகரத்தைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்கு ஓடினார்கள். வைத்தியம் தெரிந்தவர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்து நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார்கள். சிலர் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டார்கள். வேண்டுமென்றே அடுத்த ஊருக்குப் போய் நோயைப் பரப்பிய பாவிகளும் இருந்தார்கள்! கம்பெனி "ஒதுங்கி இருங்கள்" என்று எச்சரித்துப் பார்த்தது. கேட்பார் இல்லை. கடைசியில் சர்வர்களை நிறுத்தி, விதியையே மாற்றி எழுதி நோயை ஒழித்தார்கள்.

எரிக் லாப்கிரென், நினா பெபர்மேன் என்ற 2 தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்தார்கள். 2007-ம் ஆண்டில் "லான்செட்" குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். உண்மையான கொள்ளைநோய் வந்தால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இது பாடம் ஆகலாம் என்றார்கள்.

13 ஆண்டு கழித்துக் கொரோனா வந்தது. ஓடியவர்கள், சேவை செய்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், பரப்பியவர்கள் எல்லாரையும் நாம் நேரிலேயே பார்த்துவிட்டோம்.

"பழையதே வேண்டும்!"

சினிமாப் படம் ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். இந்த விளையாட்டு அப்படி அல்ல. இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை புதுப் பாகம் வரும். பழையது மாறும்.

2010-ம் ஆண்டு டிசம்பரில் பெரிய மாறுதல் செய்தார்கள். ஒரு ராட்சசப் பறவைநாகம் உலகத்தையே பிளந்துவிட்டதாகக் கதை. பழைய காடுகளும் ஊர்களும் உருமாறின. நடந்து போன இடத்துக்குப் பறந்து போக வசதி வந்தது. முன்பின் தெரியாத 5 பேரைக் கம்ப்யூட்டரே கூட்டுச் சேர்த்துவிடும் வசதி அதற்கு முன்பே வந்துவிட்டது.

வசதி பெருகப் பெருக, பழைய ஆட்டக்காரர்களுக்கு ஏக்கமும் பெருகியது. "பழைய உலகத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள்.

2013-ம் ஆண்டு, கம்பெனி நடத்திய விழாவில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி ஜே.ஆலன் பிராக் பதில் சொன்னார். "உங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் வேண்டாம்!"

ஆட்டக்காரர்கள் அந்த வார்த்தையை மறக்கவில்லை.

சில ரசிகர்கள் கம்பெனியின் அனுமதி இல்லாமலே பழைய விளையாட்டைத் தாங்களாக நடத்தத் தொடங்கினார்கள். அவற்றில் பெரியது "நாஸ்டால்ரியஸ்". அதில் மும்முரமாக ஆடியவர்கள் மட்டும் ஒன்றரை லட்சம் பேர்! கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டது. 2016-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி மூடிவிட்டார்கள். மூடப்போகும் கடைசி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நின்று வழியனுப்பினார்கள். பிறகு 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள்.

சட்டப்படி பார்த்தால் கம்பெனி செய்தது சரிதான். ஆனால் ஒரு சரக்கைத் தானும் விற்காமல் பிறரையும் கொடுக்கவிடாமல் பூட்டி வைப்பது என்ன நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2017-ம் ஆண்டு நவம்பரில் மறுபடி விழா. மேடை ஏறியவர் அதே பிராக்! ஐஸ்கிரீமைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "எத்தனையோ தினுசு இருக்கிறது. சிலருக்கு வெனிலாதான் பிடிக்கிறது, எனக்குப் புரிகிறது" என்ற பொருளில் சொன்னார். மாறுதல் செய்யாத பழைய விளையாட்டுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் "வெனிலா". கூட்டத்துக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரே ஆரவாரம்!

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி பழைய விளையாட்டு, "கிளாசிக்" என்ற பெயரில் திறந்தது. உள்ளே நுழையவே மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். உள்ளே போனால் அங்கேயும் கூட்டம். ஒரு குறிப்பிட்ட ராட்சசனைக் கொன்றால்தான் அடுத்த படி என்று இருந்தால், அவன் ஒருவன், ஆட வந்தவர்கள் நூறு பேர். என்ன செய்தார்கள் தெரியுமா? ரேஷன் கடை போல வரிசையில் நின்றார்கள்! யாரும் நிற்கச் சொல்லவில்லை. தாங்களாகவே நின்றார்கள்.

நானும் ஆடிப் பார்த்தேன்

எழுதுகிறவன் பார்க்காமல் எழுதக்கூடாது. ஒரு மாதச் சந்தா கட்டினேன். அமெரிக்காவில் மாதம் 14 டாலர் 99 சென்ட். 15 டாலர் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். 2004-லும் அமெரிக்காவில் இதே விலைதான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த ஒரே சந்தாவில் பழையதும் ஆடலாம், புதியதும் ஆடலாம். புதியதில் 20-வது படி வரை இனாமாகவே ஆடிப் பார்க்கலாம்.

எனக்கு வழிகாட்டி என் அண்ணன் மகன். கல்லூரியில் படிக்கிறான். "சித்தப்பா, நடந்துதான் போகணும். அவசரப்படாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

மனித வேஷம் எடுத்தேன். ஒரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டார்கள். ஓநாய்களை விரட்டு என்றார்கள். விரட்டினேன். பிறகு தலையில் மெழுகுவர்த்தி கட்டிக்கொண்டு சுரங்கத்தில் திரியும் எலிமூஞ்சிப் பிராணிகளை விரட்டு என்றார்கள். அவை என்னை விரட்டின. செத்துப் போனேன். ஆவியாக ஓடி வந்து உடம்பைத் தேடினேன்.

படம் பழசு. மரங்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியவை போல இருக்கின்றன. முகங்களில் களை இல்லை. இன்றைய விளையாட்டுகளைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மாலை வெயில் அந்தக் காட்டில் விழும் அழகும், பின்னால் ஒலிக்கும் சங்கீதமும் எனக்குப் பிடித்திருந்தன.

நடை, நடை, ஓயாத நடை! ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பத்து நிமிஷம். குதிரை வாங்க 40-வது படிக்கு வரவேண்டும். 60-வது படியைத் தொடப் புதியவருக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

இரண்டாம் நாள் ஒரு சம்பவம். சுரங்க வாசலில் திணறிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக ஒரு குள்ளன் வந்தான். நின்றான். ஒரு மந்திரம் போட்டு என் பலத்தைக் கூட்டினான். துணிப்பை ஒன்றும் கொடுத்தான். எனக்குச் சாமான் வைக்க இடம் இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ! கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

யார் அவன்? எந்த ஊர்? ஆணா, பெண்ணா? தெரியாது.

புதிய விளையாட்டையும் ஆடினேன். கண்ணுக்குக் குளிர்ச்சி. எல்லாம் வேகம். எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம். கூட்டாளிகளைக் கம்ப்யூட்டரே கொண்டுவந்து நிறுத்துகிறது. வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மறைந்துவிடுகிறார்கள். நான் ஆடிய நாட்களில் எனக்கு யாரும் பை கொடுக்கவில்லை.

பழையதில் நடக்க வேண்டியிருப்பதால்தான் வழியில் மனிதர்கள் எதிர்ப்படுகிறார்கள். தனியாக முடியாததால்தான் பேச வேண்டியிருக்கிறது. அதன் குறையும் நிறைவும் ஒன்றுதான்.

திரும்பாத ஒன்று

பழைய உலகம் திரும்பிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அது பழைய அறியாமை!

ராக்னரோஸ் என்று ஓர் அக்கினி அரசன். எரிமலைக்குள் இருக்கிறான். 40 பேர் சேர்ந்துதான் எதிர்க்க முடியும். விளையாட்டு முதலில் வந்தபோது, இவனை வீழ்த்த ஐந்து மாதம் பிடித்தது. யாருக்கும் வழி தெரியாது. விழுந்து விழுந்து கற்றுக்கொண்டார்கள். 2019-ல் அதே விளையாட்டு மறுபடி திறந்தபோது ஒரு வாரத்துக்குள் கதையை முடித்துவிட்டார்கள்!

15 ஆண்டாக ஆடி ஆடி எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வாள் சிறந்தது, எந்த வழி குறுக்கு வழி, எல்லாம் அச்சுப் போல இருக்கிறது. "இந்த வேஷக்காரன் எங்கள் கூட்டத்துக்குத் தேவையில்லை" என்று தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். விளையாட்டுத் தங்கத்தை உண்மையான பணத்துக்கு விற்கும் கள்ளச் சந்தையும் உண்டு. ஆள் இல்லாமல் தானே ஆடும் எந்திர வேஷங்கள் அந்தச் சந்தைக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கின்றன. இது பெரிய தொல்லை.

அண்ணன் மகன் இதற்கு ஒரு வழி சொன்னான். "புஸ்தகம் பார்க்காமல் ஆடுங்கள் சித்தப்பா. தெரியாத மாதிரியே இருங்கள்." எனக்கு அது சுலபமாக இருந்தது. உண்மையிலேயே ஒன்றும் தெரியாது!

துணிச்சல்காரர்களுக்கு 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் வேறொரு பிரிவு திறந்தார்கள். அதில் ஒரு தடவை செத்தால் செத்ததுதான். 59-வது படியில் செத்தாலும் முதல் படியிலிருந்து வரவேண்டும். பயத்தினால் பழைய சுவை கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மாதக் கணக்கில் வளர்த்ததை ஒரு விநாடியில் பறிகொடுக்க என்னால் ஆகாது.

வீட்டுப் பெரியவர்கள் கவனத்துக்கு

இனி விளையாட்டு இல்லாத பேச்சு.

2019-ம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் "விளையாட்டு அடிமைத்தனம்" என்பதையும் ஏற்றுக்கொண்டது. 2022-ம் ஆண்டு ஜனவரி முதல் அந்தப் பட்டியல் அமலுக்கு வந்தது.

நிறைய ஆடினால் நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, சாப்பாடு, தூக்கம், படிப்பு, வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் விளையாட்டை வைப்பது, கெடுதல் கண்முன் தெரிந்தும் விடாமல் ஆடுவது, இவை சாதாரணமாக ஓர் ஆண்டு காலம் நீடித்தால்தான் நோய் என்கிறார்கள்.

இந்த விளையாட்டின் அமைப்பு அப்படிப்பட்டதுதான். முடிவு கிடையாது. "இன்னும் ஒரே ஒரு படி" என்று இழுக்கும். 40 பேர் சேர்ந்து போகும் சண்டையில் நடுவில் எழுந்து போக முடியாது. 39 பேர் கோபித்துக்கொள்வார்கள். ஒரு நாள் நானே இரவு ஒன்றரை மணிக்குத்தான் எழுந்தேன். மறுநாள் ஆபீசில் கண் எரிச்சல். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அமெரிக்காவில் இதற்கு 13 வயதுக்கு மேல் என்று முத்திரை. அது வெறும் படத்துக்கும் சண்டைக்கும் போட்ட முத்திரை. முகம் தெரியாத மனிதர்கள் பேசுவதற்கு எந்த முத்திரையும் இல்லை. நல்லவனும் வருவான். கெட்டவனும் வருவான். பெற்றோர் நேரத்தை வரையறுத்துப் பூட்டுப் போட விளையாட்டிலேயே வசதி இருக்கிறது. பூட்டைவிடப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அவன் யார்? இவன் யார்?" என்று கேட்பது மேல் என்பது என் எண்ணம்.

இதை நானாகச் சொல்லவில்லை. நார்வேயில் அந்தத் தகப்பனார் சொன்னார்.

"ஐபலின்" யார்?

மாட்ஸ் எடுத்த வேஷத்தின் பெயர் ஐபலின். பிரபு குலம். துப்பறியும் தொழில். கட்டான உடம்பு. அந்த உலகத்தில் அவர் நடந்தார், ஓடினார், பெண்களைச் சிரிக்க வைத்தார். சக்கர நாற்காலியைப் பற்றி ஒருவரிடமும் பல ஆண்டு சொல்லவில்லை.

அவர் சேர்ந்திருந்த சங்கத்தின் பெயர் "ஸ்டார்லைட்". அந்தச் சங்கத்தார் பேசிய பேச்சுக்கள் எல்லாம் எழுத்தில் பதிவாகியிருந்தன.

ஹாலந்து நாட்டில் ஒரு பெண். மாட்சின் விளையாட்டுச் சிநேகிதி. அவள் படிப்பு கெடுகிறது என்று பெற்றோர் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவள் மனமுடைந்து போனாள். மாட்ஸ் அவளுடைய பெற்றோருக்கே ஒரு கடிதம் எழுதினார். அவளுக்கு அந்தச் சிநேகிதம் எவ்வளவு முக்கியம் என்று விளக்கினார். அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

டென்மார்க்கில் ஒரு தாய். அவளுடைய மகனுக்கு ஆட்டிசம். தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தும் நெருங்க முடியவில்லை. "விளையாட்டுக்குள் போய்ப் பிள்ளையைச் சந்தியுங்கள்" என்று மாட்ஸ் யோசனை சொன்னார். அங்கே இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். விளையாட்டு வேஷத்தில் கட்டிக்கொண்டார்கள். பிறகு வீட்டிலேயும்.

அவரும் குறை இல்லாதவர் அல்ல. சில சமயம் சிநேகிதர்களைக் கடிந்து பேசியிருக்கிறார். வியாதி முற்றிய நாட்களில் மனம் கசந்து எல்லாரிடமும் விலகியிருக்கிறார். அதையும் அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள்.

பெற்றோர் இதை எல்லாம் மகன் போன பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். "அவன் அவ்வளவு நேரம் இருந்த அந்த உலகத்தைப் பற்றி நாங்கள் இன்னும் அக்கறை காட்டியிருக்க வேண்டும்" என்ற கருத்தில் ராபர்ட் பத்திரிகைக்காரர்களிடம் பேசியிருக்கிறார். இரவில் பிள்ளை தூங்க வேண்டுமே என்பதுதான் அப்போது அவருடைய கவலை. எந்தத் தகப்பனுக்கும் உள்ள கவலை.

இந்தக் கதையை பெஞ்சமின் ரீ என்ற நார்வே டைரக்டர் படமாக எடுத்தார். 2024-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த சன்டான்ஸ் பட விழாவில் அது 2 பரிசு பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் நெட்பிளிக்சில் வெளிவந்தது. மாட்ஸ் பேசிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு, விளையாட்டின் உருவங்களைக் கொண்டே அவருடைய வாழ்க்கையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ஆடலாமா, வேண்டாமா?

கேள்விக்கு வருகிறேன். நழுவ மாட்டேன்.

படத்துக்காக ஆட நினைத்தால் வேண்டாம். அதைவிட அழகான புதிய விளையாட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. தனியாக ஆட நினைத்தாலும் வேண்டாம். சந்தாப் பணம் தண்டம். வாரத்துக்குச் சில மணி நேரமே உள்ளவர், எதையும் முடித்தாக வேண்டும் என்ற குணமுள்ளவர், இவர்களும் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் தனியாக விடவே கூடாது.

இரண்டு மூன்று பேர் கூட்டாக, நேரம் குறித்து ஆட முடிந்தால் தாராளமாக ஆடலாம். வெளியூர் போய்விட்ட தம்பியோடு, கல்யாணமாகித் தூரத்தில் இருக்கும் சிநேகிதியோடு வாரத்தில் ஒரு மாலை அந்தக் காட்டில் நடந்துகொண்டே பேசலாம். டெலிபோனில் "என்ன விசேஷம்?" "ஒன்றும் இல்லை" என்று முடிந்துபோகிற பேச்சு, ஒரு கரடி துரத்தும்போது ஒரு மணி நேரம் நீளும்! அப்படி ஆடுவதற்குப் பழையதுதான் ஏற்றது. 2024-ம் ஆண்டு நவம்பரில், 20-வது ஆண்டுக்காக, பழைய விளையாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் புதிய சர்வர்களைத் திறந்தார்கள்.

உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? 20 ஆயிரம் மணி நேரம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாட்ஸ் இறந்த பிறகு, ஸ்டார்லைட் சங்கத்தார் ஆண்டுதோறும் விளையாட்டுக்குள்ளே ஓர் இடத்தில் கூடி அவருக்கு அஞ்சலி செலுத்தி வந்திருக்கிறார்கள்.

என் சந்தா அடுத்த வாரம் முடிகிறது. "புதுப்பிப்பீங்களா சித்தப்பா?" என்று அண்ணன் மகன் கேட்டான். பரீட்சை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், அதுவும் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். அண்ணனுக்கு இப்போது குள்ள வேஷம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் ஓநாய் விரட்டிக்கொண்டிருக்கிறார்.